ஓடும் வண்டியில் சிக்னல்: வாசகர் கேள்வியும் பதிலும்

மூலைக்கரைப்பட்டி வாசகர்: திசையன்விளைப் பக்கம் பால் வண்டி ஓட்டுகிறோம். ஊர் ஊராகப் பாலை அளந்து டேப்லெட்டில் பில் போடுகிறோம். மூன்று கோடு சிக்னல் காட்டும்போதே பில் ஏறாமல் சுற்றிக்கொண்டு நிற்கிறது. வண்டியை நிறுத்தினால் ஏறிவிடுகிறது. வேகம்தான் காரணமா?

வேகத்தின் மேல் பழி போட வேண்டாம். 4ஜி மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும்படி வகுக்கப்பட்டது. பால் வண்டியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? ஒரு டவர் உங்களை அடுத்த டவரிடம் ஒப்படைக்கும் இடத்தில்தான் கோளாறு.

உங்கள் பக்கம் மேடு பள்ளம் குறைவு, பனைமரங்களை விட்டால் மறைப்பும் இல்லை. அதனால் தூரத்து டவர்களின் அலையும் தாராளமாக வந்துசேரும். மூன்று நான்கு டவர்கள் ஒரே பலத்தில் கேட்டால், சந்தையில் நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுகிற கதைதான். திரையில் தெரியும் கோடு சத்தத்தின் அளவு. தெளிவு அதில் தெரியாது. அடுத்த டவர் இப்போதைய டவரைவிட 2, 3 டெசிபல் (அலையின் பலத்தை ஒப்பிடும் அளவு) கூடுதலாக, ஏறத்தாழ அரை நொடி விடாமல் கேட்டால்தான் வழக்கமாக மாற்றம் நடக்கும். அதற்குள் பழைய இணைப்பு அறுந்துவிட்டால் போன் முதலிலிருந்து டவர் தேடும், சில நொடிகள் போய்விடும். பில் நடுவழியில் நிற்பது அப்போதுதான்.

அலைவரிசையையும் பாருங்கள். 850 மெகாஹெர்ட்ஸைவிட 2300 மெகாஹெர்ட்ஸ் அதே தூரத்தில் 8, 9 டெசிபல் குறைவாகவே வந்துசேரும். ஊர் எல்லை தாண்டியும் போன் 2300-ஐ விடாமல் பிடித்துத் தொங்கினால் வேலை ஆகாது.

நெட்வொர்க் அளவு காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, போகும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டர் கல் வாரியாக இரண்டு எண்களைக் குறியுங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது பலம்: -80 நல்லது, -120 வந்தால் கதை முடிந்தது. எஸ்ஐஎன்ஆர் என்பது தெளிவு. பலம் -95 அளவில் நன்றாக இருந்தும் தெளிவு 3-க்குக் கீழே கிடந்தால், டவர்கள் ஒன்றோடொன்று மோதும் இடம் அது. அங்கே ஆன்டெனாவுக்குக் காசு செலவழிக்காமல் வேறு நிறுவன சிம் போட்டுப் பாருங்கள். பலமே -112-க்கும் கீழே போனால் டவர் தூரம் என்று பொருள். கூரை ஆன்டெனா உதவும்.

ஆனால் முதலில் செய்யவேண்டியது வேறு. பில்லை டேப்லெட்டிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் தானாக அனுப்பும்படி செயலியை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் தனி எண் கட்டாயம். இல்லாவிட்டால் பாதியில் அறுந்த பில் மறுபடி போகும்போது ஒரே பால் இரண்டு தடவை கணக்கில் ஏறும். அந்தச் சண்டையைத் தீர்க்க எந்த ஆன்டெனாவாலும் ஆகாது.

வள்ளியூர் வாசகர்: பள்ளி பஸ்ஸில் ரூட்டர் வைக்கவேண்டும். 24 வோல்ட் வண்டி. எதைக் கவனிக்க?

9 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும், இரண்டு சிம் போடக்கூடிய வண்டி ரூட்டராக வாங்குங்கள். வீட்டு ரூட்டரை மாற்றி மாட்டினால், ஸ்டார்ட் அடிக்கும்போது பாட்டரி வோல்ட் இறங்கி ஒவ்வொரு முறையும் அது அணைந்து எழும். கரண்டை லைட் லைனிலிருந்து இழுக்காதீர்கள். பாட்டரியிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நேரே எடுங்கள். சாவி லைனிலிருந்து தனி வயர் கொடுத்து, வண்டி அணைந்த 10 நிமிடத்தில் ரூட்டரும் அணையும்படி அமையுங்கள். மறந்தால் பெரிய கேடில்லை: 8 வாட் ரூட்டர் இரவு 12 மணி நேரத்தில் 4 ஆம்பியர்-மணிதான் குடிக்கும். ஆனால் முழுப் பரீட்சை விடுமுறைக்கு நின்ற வண்டி கிளம்பாது.

தகரக் கூடு 10 டெசிபல் தின்பது சாதாரணம் என்பதால் ஆன்டெனா கூரைமேல்தான். 4ஜிக்கு இரண்டு கேபிள் உள்ள தட்டை வகை வாங்குங்கள். நீளக் கம்பி ஆன்டெனா கிராமத்து ரோட்டில் சீமைக்கருவேலக் கிளையிலும் புளியங்கிளையிலும் மாட்டி ஒடியும். கூரை ஃபைபராக இருந்தால் அடியில் ஒரு அடிச் சதுரத் தகடு வையுங்கள். பலரும் கோட்டைவிடுவது கேபிளில். மெல்லிய ஆர்ஜி 174 வயர் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஒன்றரை டெசிபல் அளவுக்கு இழக்கும்; 5 மீட்டர் ஓட்டினால் கூரைக்கு ஏறிய லாபம் பெரும்பாலும் போச்சு. எல்எம்ஆர் 200 வகை கேபிளில் இழப்பு மீட்டருக்கு அரை டெசிபல் அளவே. நீளம் 3 மீட்டரைத் தாண்டவேண்டாம். ஓட்டையில் ரப்பர் வளையம், மேலே சிலிக்கான். கூடங்குளம், உவரி என்று கடலோரம் போகும் வண்டியில் உப்புக்காற்று கனெக்டரைப் பச்சைபிடிக்க வைக்கும். தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஆலங்குளம் வாசகர்: கடைக்கார அண்ணாச்சி சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் பெட்டி ஒன்று தருகிறேன் என்கிறார். மாட்டலாமா?

வேண்டாம். அனுமதியில்லாத பூஸ்டர் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். மேலும், கூரை ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் போதிய இடைவெளி இல்லாத வண்டியில் அந்தப் பெட்டி தன் சத்தத்தையே தான் கேட்டு ஊளையிடும்; பக்கத்து டவரையே செவிடாக்கிவிடும்.

மணிமுத்தாறு வாசகர்: மாஞ்சோலை ஏறும் வண்டியில் ஜிபிஎஸ் கருவி காட்டிலே மறைந்துவிடுகிறது. பழுதா?

பழுதில்லை. இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள். அதை உங்களுக்குக் கொண்டுவருவதுதான் டவர். மலை மறைப்பில் டவர் போனாலும் கருவி குறித்துக்கொண்டே வரும். ஏஐஎஸ் 140 என்ற, வண்டி ஜிபிஎஸ்ஸுக்கான இந்தியத் தரத்தில் வரும் கருவியில் 40,000 பதிவுகள் தங்கும். 10 நொடிக்கு ஒன்று என்றாலும் நான்கரை நாளுக்குக் காணும். புதிய பதிவை முதலில் அனுப்பும்படி அமைக்கச் சொல்லுங்கள். பழையது வரிசையில் முதலில் நின்றால், வண்டி அடிவாரம் இறங்கிய பிறகும் திரையில் காட்டுக்குள்ளேயே நிற்கும்.

செங்கோட்டை வாசகர்: புளியரை தாண்டி ஆரியங்காவு போகும்போது பேச்சு அறுந்துவிடுகிறதே?

தமிழ்நாடும் கேரளமும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். ஒரே நிறுவனமானாலும் நெட்வொர்க் எண் வேறு. ஒப்படைப்பு நடக்காத இடத்தில் பேச்சு அறுந்து, போன் புதிதாகப் பதியும். நெட்வொர்க் தேர்வு தானியங்கியில் இருக்கட்டும். கையால் தமிழ்நாட்டைத் தேர்ந்து வைத்திருந்தால் கணவாய் தாண்டியும் போன் அதையே தேடிக்கொண்டிருக்கும்.