தட்டை லென்ஸ் வந்தால் கண்ணாடி லென்ஸ் போய்விடுமா?

வணக்கம் ஐயா,

களுவாஞ்சிக்குடியில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாம் எடுப்பேன். வாவிக்கரை ஈரத்தில் என்னுடைய 85 மில்லிமீற்றர் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. திருத்தக் கேட்ட கூலி அதிகம். "இனித் தட்டையான மெட்டா லென்ஸ்தான் வரப்போகுது, கண்ணாடியில் காசைக் கொட்டாதே, இருக்கிறதையும் வித்துப்போடு" என்கிறான் மச்சான். கண்ணாடி தருகிற படத்தை அது தருமா?

வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

லென்ஸை விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி வில்லை நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. தடித்த இடத்தில் ஒளி கூடத் தாமதிக்கிறது, அதனால் குவிகிறது. அதே தாமதத்தை வளைவு இல்லாமல் உண்டாக்குவதுதான் மெட்டா லென்ஸ். ஒரு தட்டின் மேல் ஒளியின் அலைநீளத்தைவிட நெருக்கமாக நுண்தூண்களை நட்டு, அவற்றின் பருமனையோ திசையையோ இடத்துக்கு இடம் மாற்றுகிறார்கள். 2016 இல் ஹார்வர்டில் பெடரிக்கோ கப்பாசோவின் குழு 600 நானோமீற்றர் உயரத் தூண்களால் இதைச் செய்தது. ஊதாவில் 86, பச்சையில் 73, சிவப்பில் 66 வீதம் ஒளி குவிந்தது. நல்ல கணக்குத்தான். ஆனால் அவை மூன்றும் வெவ்வேறு லென்ஸ்கள், நிறத்துக்கு ஒன்று.

உங்கள் தொழிலுக்கு இடிக்கிற இடம் இதுதான். மணப்பெண்ணின் கூறையில் சிவப்பு, பின்னால் வாழையிலைப் பச்சை, கழுத்தில் வெள்ளைப் பூமாலை. பச்சையை 10 மில்லிமீற்றரில் குவிக்கச் செய்த சாதாரண மெட்டா லென்ஸில் சிவப்பு சுமார் 8.5 இலும் நீலம் 12 இலும் குவியும். சென்சரை ஒரு இடத்தில்தான் வைக்கலாம். எல்லா நிறமும் கலந்த அந்த வெள்ளைப் பூவைச் சுற்றி நிறம் கசிந்து நிற்கும்.

2018 இல் 470 முதல் 670 நானோமீற்றர் வரை, அதாவது நீலம் முதல் சிவப்பு வரை, ஒரே இடத்தில் குவிக்கும் மெட்டா லென்ஸும் வந்தது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. உங்கள் 85 ஐ எஃப் 1.8 இல் திறந்தால் ஒளி புகும் வாசல் மட்டும் 47 மில்லிமீற்றர். லென்ஸ் பெருக்கப் பெருக்க நடுவுக்கும் ஓரத்துக்கும் வேண்டிய தாமத வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். அத்தனை குட்டையான தூணால் எல்லா நிறத்துக்கும் அதைக் கொடுக்க முடியாது. 2024 இல் ஹார்வர்டில் 10 சென்ரிமீற்றர் அகலத்தில், 1870 கோடி தூண்களோடு ஒன்று செய்து சூரியனையும் சந்திரனையும் படம் எடுத்தார்கள். பார்த்து வியந்தேன். ஆனால் அதுவும் ஒரே சிவப்புக்கானது.

ஒரே நிறம் போதும் என்ற வேலைகளில் இது இப்போதே வந்துவிட்டது. லேசர் அகச்சிவப்பால் தூரம் அளக்கும் சென்சர்களில் 2022 முதல் இருக்கிறது. 2021 இல் பிரின்ஸ்டனும் வொஷிங்டன் பல்கலைக்கழகமும் அரை மில்லிமீற்றர் கமரா ஒன்றில் நிறப்படம் எடுத்தன, கசிவைக் கணினியால் நீக்கி. உடலுக்குள் போகும் கமராவுக்கு அது பெரிய வரம். ஆனால் ஒரு மணப்பெண்ணின் முகத்தைக் கணினி ஊகித்து முடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. கண்ணாடியிலும் நிறப்பிழை உண்டு, ஆனால் சிறிது, அதுவும் எதிர்ப்பக்கமாக: அங்கே நீலம்தான் முன்னால் குவியும். இரண்டையும் அளவோடு சேர்த்தால் ஒன்றின் பிழையை மற்றது தின்றுவிடும். அதனால் கண்ணாடிக்குத் துணையாகத்தான் இது உங்கள் கைக்கு வரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பூஞ்சணம். மெட்டா லென்ஸ் கண்ணாடியோடு சேர்ந்து வந்தாலும் நடுவில் இடைவெளி இருக்கும், ஈரமும் உள்ளே போகும். தூண்களுக்கிடையே உள்ள காற்றும் வேலை செய்கிற பாகம்தான். மூடியில்லாமல் விட்டால் விரல் எண்ணெய் புகுந்தாலே குவிப்பு கெடும். இப்போதைக்கு அந்த 85 ஐ மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள். நல்லவற்றைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மாரி தொடங்குமுன் ஜெல்லை மாற்றிவிடுங்கள்.