உடல் பருமனும் புற்றுநோயும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்களின் பதில்

என் அம்மாவுக்கு வயது 58. உயரம் 152 செ.மீ., எடை 74 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாதவிலக்கு நின்று ஏழு வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. ‘நடவு வயலில் வெயிலில் நின்ற சூடு’ என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. எடைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகி, மன்னார்குடி

சூடு என்று விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கடந்தவருக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அது தானாக நின்றுபோயிருந்தாலும், இந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இப்படி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பத்தாவது ஆள் யார் என்பது பரிசோதிக்காமல் யாருக்கும் தெரியாது.

எடைக்கு நேரடித் தொடர்பு உண்டு. சினைப்பை ஓய்ந்த பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாகும் முக்கிய இடம் கொழுப்புதான். அதில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி, பெண் உடம்பிலும் இருக்கும் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். முன்பெல்லாம் மாதாமாதம் புரோஜெஸ்டிரோன் சுரந்து, கர்ப்பப்பை உட்சுவரின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போட்டது. உட்சுவரும் உதிர்ந்து வெளியேறியது. இப்போது அந்தக் கடிவாளம் இல்லை. உட்சுவர் தடித்துக்கொண்டே போகும்போது செல்களில் பிழை நேருகிறது. பருமனோடு சேர்ந்து ரத்தத்தில் ஏறும் இன்சுலினும் அதே செல்களை வளரத் தூண்டும். பருமனான பெண்களுக்கு உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 2 முதல் 4 மடங்கு. உங்கள் அம்மாவின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அளவு) 32. நம் நாட்டவருக்கு 25-க்கு மேலே போனாலே பருமன்தான்.

முதலில் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுப்பார்கள். உட்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பயாப்ஸி. ஸ்ட்ரா மாதிரி மெல்லிய குழாயை உள்ளே விட்டு ஒரு துளி திசுவை உறிஞ்சி எடுப்பது அது. சில நிமிட வேலை, பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. மாதவிலக்கு வலி போல அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அளவு 4-க்குள் இருந்தும் மறுபடி ரத்தம் பட்டால் பயாப்ஸி கட்டாயம்.

இரண்டு தவறுகளை மட்டும் செய்துவிடாதீர்கள். ‘பாப் ஸ்மியர் எடுத்தாச்சு, நார்மல்’ என்று நிம்மதியாகிவிடக் கூடாது; அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை, உட்சுவர் நோயைப் பெரும்பாலும் காட்டாது. ரத்தம் நிற்க மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் கூடாது; அறிகுறி மறையும், நோய் உள்ளே இருக்கும். தஞ்சை ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனையில் மகளிர் பிரிவு இருக்கிறது. ரத்தம் பட்ட தேதிகளையும் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கர்ப்பப்பையைத் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டால் இந்த நோய் பெரும்பாலும் குணமாகிவிடும்.

வயது 48. குடி, புகை எதுவும் இல்லை. உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோதான். கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் உண்டு. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு) கிரேடு 2 என்று வந்திருக்கிறது. நான் குண்டு இல்லையே?
– வாசகர், திருவையாறு

தராசு உங்களை ஏமாற்றுகிறது. இஞ்சு டேப்பை எடுங்கள். வேட்டி கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும், அளவு குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் அளங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து. உயரத்தில் பாதிக்குள், அதாவது உங்களுக்கு 82-க்குள், இருப்பது நல்லது.

குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே கொழுப்பு படிந்து, அழற்சியாகி, தழும்பாகி, சிலருக்குக் கடைசியில் புற்றுநோயாகிறது. குடிக்காதவருக்கும் இதே பாதைதான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-ல் அதிகக் கொழுப்போடு தொடர்புள்ளவையாகச் சொன்ன 13 புற்றுநோய்களில் கல்லீரல், பெருங்குடல், கணையம், பித்தப்பை, சிறுநீரகம், மாதவிலக்கு நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் உண்டு.

ஸ்கேன் கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணுக்கள் மூன்றும் பாருங்கள். இவற்றோடு வயதையும் சேர்த்து மருத்துவர் ஃபிப்-4 என்ற தழும்புக் கணக்கைப் போடுவார். 1.3-க்குக் கீழே என்றால் தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. மேலே போனால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படலாம். ஹெபடைடிஸ் பி, மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்.பி.ஏ.1.சி. இரண்டையும் கூடவே பார்த்துவிடுங்கள். எடையில் 7 முதல் 10 சதவீதம், அதாவது 5 முதல் 6½ கிலோ, குறைத்தால் கல்லீரல் அழற்சி நன்றாகத் தணியும்.

சோறு இல்லாமல் எங்களால் இருக்க முடியாது. மாப்பிள்ளை சம்பாவுக்கு மாறினால் எடை குறையுமா?
– வாசகி, கும்பகோணம்

நார்ச்சத்து கூடும், சர்க்கரை மெதுவாக ஏறும். ஆனால் அரிசி எதுவானாலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், அளவைக் குறைக்காமல் எடை குறையாது. நடவும் அறுப்பும் மிஷினுக்குப் போய்விட்டன, இலையில் விழும் சோறு மட்டும் பழைய உழைப்புக்கான அளவிலேயே இருக்கிறது. வடித்த சாதம் 100 கிராமில் சுமார் 130 கலோரி. குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை போட்டுக்கொண்டால் அரைக் கிலோ சாதாரணமாக உள்ளே போய்விடும், 650 கலோரி. மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை டம்ளர் சோற்றை முதலிலேயே தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மறுசோறு வேண்டாம். தட்டில் பாதி வாழைத்தண்டு, அவரை, கீரை. கூடவே கெட்டிப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீன் குழம்போ இருந்தால்தான் நாலு மணிக்குப் பசிக்காது.

எண்ணெயில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்து, நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டரைத் தனி டப்பாவில் ஊற்றிவிடுங்கள். டிகிரி காபி இரண்டு வேளை போதும், சர்க்கரை அரை ஸ்பூன். வாரத்தில் ஐந்து நாள், தினம் 30 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடை. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் சரியான வேகம். எடை குறைக்கும் மூலிகைப் பொடிகள் வேண்டாம். அவற்றில் சில கல்லீரலையே கெடுத்திருக்கின்றன.

எந்த முயற்சியும் செய்யாமலே ஐந்து மாதத்தில் 80 கிலோவிலிருந்து 74 கிலோ ஆகிவிட்டேன். நல்லதுதானே?
– வாசகர், திருவாரூர்

இல்லை. முயற்சி செய்யாமல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும். உங்களுக்கு 7½ சதவீதம் குறைந்திருக்கிறது. சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் எதுவாகவும் இருக்கலாம். ரத்தச் சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., ரத்த அணுக்கள், சளி, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் இவற்றில் தொடங்குவார்கள். மலத்தில் ரத்தம், விழுங்கும்போது அடைப்பு, கண் மஞ்சள் இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் நாளைக்கே போங்கள்.