1,030 டொலர் கட்டாமல் கைத்தொலைபேசி ஒப்பந்தத்தை முறிக்க முடியுமா?

கேள்வி: நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். பெரிய கைத்தொலைபேசி நிறுவனம் ஒன்றில் என் பெயரில் மூன்று இலக்கங்கள் உள்ளன. என்னுடையதை 26 மாதங்களுக்கு முன்பு, தொலைபேசியோடு சேர்த்து இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தேன். கணவருடைய தொலைபேசி அவருடைய சொந்தம். அது மாதாமாதம் கட்டும் திட்டம். மூன்றாவது, இங்கே படிக்க வந்த என் பெறாமகனுக்காக 14 மாதங்களுக்கு முன்பு எடுத்தது. அவனுக்குக் கிரெடிட் வரலாறு இல்லாததால் நான் கையெழுத்து வைத்தேன். இப்போது அவன் கல்கரிக்குப் போய்விட்டான். நான்கு மாதமாகப் பணமும் அனுப்பவில்லை. மூன்றுக்கும் வரி சேர்த்து மாதம் 270 டொலருக்கு மேல் போகிறது. "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் அக்கா" என்று கடையில் இருந்த தமிழ்த் தம்பி சொன்னார். இப்போது நிறுத்தக் கேட்டால், 1,030 டொலர் கட்டு, 30 நாள் முன்னறிவிப்பும் கொடு என்கிறார்கள். போதாக்குறைக்கு, சென்ற ஆகஸ்ட்டில் கணவர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது ஒரே பில்லில் டேட்டா ரோமிங்குக்கு மட்டும் 310 டொலர் அறவிட்டார்கள். வங்கியில் தானாகக் கழியும் பணத்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். வங்கியில் நிறுத்தினால் பணம் போவது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. நிலுவை 50 டொலரைத் தாண்டினாலோ இரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டாலோ, 14 நாள் அறிவித்தல் கொடுத்து இணைப்பைத் துண்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதன் பிறகு கணக்கு கடன் வசூலிக்கும் முகவர்களிடம் போகும். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனங்களான எக்குயிஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலும் உங்கள் பெயரில் பதிவு விழக்கூடும். வீட்டுக் கடனைப் புதுப்பிக்கும் நேரத்தில் சில நூறு டொலர் தொலைபேசி நிலுவைக்காக வட்டி வீதம் ஏறிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைத் தம்பி சொன்னது அரைவாசி உண்மை. கனடாவில் கைத்தொலைபேசிச் சேவைகளுக்கு, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான சி.ஆர்.டி.சி. 2013இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய வயர்லெஸ் கோட் என்ற விதிக்கோவை இருக்கிறது. அதன்படி வாடிக்கையாளர் எந்த நாளிலும் சேவையை நிறுத்தலாம். மானிய விலையில் தொலைபேசி வாங்கியிருந்தால் அந்த மானியத்தின் மீதியைக் கட்ட வேண்டும். அந்த மீதி மாதாமாதம் சம அளவில் குறைந்து, அதிகபட்சம் 24 மாதத்தில் பூச்சியம் ஆகிவிட வேண்டும். தவணை முறையில் தொலைபேசி கொடுக்கும் இன்றைய திட்டங்களும் இந்த விதிக்கோவைக்குள் அடங்கும் என்று சி.ஆர்.டி.சி. 2021இல் சொல்லிவிட்டது.

இனி அந்த 1,030 டொலரைப் பிரித்துப் பார்ப்போம். நிறுவனத்தோடு இணையத்தில் பேசி நீங்கள் அனுப்பிய அரட்டைப் பதிவில் அவர்களே கணக்குச் சொல்லியிருக்கிறார்கள்: தொலைபேசித் தவணை மீதி 400, திருப்பிக் கொடுக்காத தொலைபேசிக்கு 480, மூன்று இலக்கங்களுக்கும் ரத்துக் கட்டணம் தலா 50.

ரத்துக் கட்டணம் 150 டொலரை நீங்கள் ஒரு சதம்கூடக் கட்ட வேண்டியதில்லை. உங்கள் ஒப்பந்தம் 24 மாதத்தைத் தாண்டிவிட்டது. அதில் எந்தக் கட்டணமும் மிச்சமில்லை. கணவருடையது காலவரையறை இல்லாத மாதாந்தத் திட்டம், தொலைபேசியும் அவருடையது. அங்கே தொடக்கத்திலிருந்தே விலகும் கட்டணம் கிடையாது. பெறாமகனுடையதில் மானிய மீதிக்கு மேல் வேறு எந்தப் பெயரிலும் அபராதம் போட முடியாது. 50 டொலர் என்ற எண் விதிக்கோவையில் இருப்பது உண்மைதான். ஆனால் அது தொலைபேசி கொடுக்காமல் செய்யும் நிலையான கால ஒப்பந்தங்களுக்கான உச்ச வரம்பு. அதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள்.

30 நாள் முன்னறிவிப்பும் அப்படியே. அந்த வழக்கத்தை சி.ஆர்.டி.சி. 2014இல் தடைசெய்தது; 2015 ஜனவரியிலிருந்து அது செல்லாது. நீங்கள் அறிவிக்கும் நாளிலேயே சேவை முடிகிறது. முன்கூட்டிக் கட்டிய மாதத்தில் மிஞ்சும் நாட்களுக்கான பணமும் திரும்பி வர வேண்டும்.

400 டொலர் நியாயமானது. பெறாமகனுடைய தொலைபேசியின் விலை 1,440. அதில் 960ஐ 24 மாதத் தவணையாகப் பிரித்திருக்கிறார்கள், மாதம் 40. பதினான்கு மாதம் கட்டியாயிற்று, பத்து மாதம் பாக்கி. இதில் வாதாட ஒன்றுமில்லை.

சிக்கல் அந்த 480இல்தான் இருக்கிறது, மாதக் கட்டணத்தைக் குறைவாகக் காட்டுவதற்காக விலையின் ஒரு பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் திட்டம் அது. ஒப்பந்தம் முடியும்போது தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பகுதி தள்ளுபடி. வைத்துக்கொண்டால் கட்ட வேண்டும். கடையில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஒப்பந்தத்தோடு தரப்படும் முக்கிய தகவல் சுருக்கத்தில் ஒரு வரியாக இருக்கும். இது ரத்துக் கட்டணம் அல்ல, தொலைபேசியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் விலை என்பது நிறுவனங்களின் நிலைப்பாடு. அதை எதிர்த்து வாதிடுவதைவிடப் பெறாமகனிடமிருந்து தொலைபேசியைப் பெற்று நிறுவனத்திடம் திருப்பிக் கொடுப்பது உங்களுக்கு மலிவு. அப்படி அனுப்பச் சொன்னால், முதலில் அதிலுள்ள அப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, தொலைந்த தொலைபேசியைத் தேடும் பூட்டையும் நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பூட்டு இருந்தாலோ திரை வெடித்திருந்தாலோ ஏற்க மாட்டார்கள். கடையில் ஒப்படைக்கும்போது ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, நான் முதலில் முயலச் சொல்வதும் அதைத்தான். பெறாமகனுடைய இலக்கத்தை நிறுத்தாமல் அவன் பெயருக்கே மாற்றிவிடுங்கள். கணக்குப் பொறுப்பு மாற்றம் என்று கேட்டால் நிறுவனத்துக்குப் புரியும். இது சட்டம் தந்த உரிமை அல்ல, நிறுவனங்கள் வழக்கமாகச் செய்துகொடுப்பது; அவனுடைய கிரெடிட்டைப் பார்த்துத்தான் சம்மதிப்பார்கள். வந்தபோது அவனுக்கு வரலாறு இல்லை. இப்போது ஒரு வங்கிக் கடன் அட்டையாவது வைத்திருப்பான். மாற்றம் முடிந்தால் 400, 480 இரண்டும் அவனோடு போகும். அதுவரை நிறுவனத்துக்குத் தெரிந்த கடனாளி நீங்கள் ஒருவர்தான். தொலைபேசி யார் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. அவன் மறுத்தால், இந்தத் தொகைக்காகச் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் போகச் சொல்ல எனக்கு மனமில்லை. அக்காவோடோ தங்கையோடோ உள்ள உறவுக்கு 880 டொலருக்கு மேல் மதிப்பு இருக்கும். ஆனாலும் வாட்ஸ்அப்பில் அவன் "அடுத்த கிழமை அனுப்புகிறேன்" என்று எழுதியவற்றை அழிக்க வேண்டாம்.

கடைத் தம்பியின் வாக்குறுதியை வைத்து ஒப்பந்தத்தையே முறிக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். பேசியதும் எழுதியதும் முரணாக இருந்தால், ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்த 30 நாளுக்குள் கட்டணமின்றி விலகலாம். பதினான்கு மாதம் கழித்து அது உதவாது. பிரதியே கிடைக்கவில்லை என்றால் மட்டும் கதை வேறு. உங்கள் மின்னஞ்சலில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது ரோமிங். கேள்வியின் ஓரத்தில் இதைப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் உங்கள் பலமான வழக்கு. ஒரு பில் காலத்தில் டேட்டா ரோமிங் கட்டணம் 100 டொலரை எட்டியதும் நிறுவனம் நிறுத்தியாக வேண்டும். மேலே போக வேண்டுமானால் கணக்கின் சொந்தக்காரரோ, அவர் அதிகாரம் கொடுத்த பயனாளரோ வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும். கணக்கு உங்கள் பெயரில். யாழ்ப்பாணத்தில் கணவரின் தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்து, அவர் "ஆம்" என்று அழுத்தியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அவரை அதிகாரம் பெற்ற பயனாளராக நீங்கள் பதிவுசெய்யாதிருந்தால் அந்த "ஆம்" செல்லாது. ஆகவே சம்மதத்தின் பதிவை எழுத்தில் கேளுங்கள்: யார், எந்த நாள், எந்த வழியில். அதைக் காட்ட முடியாவிட்டால் 210 டொலரைத் திருப்பித் தர வேண்டும். கட்டிவிட்டீர்கள் என்பதால் உரிமை போய்விடாது. அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் இந்த உச்ச வரம்பு இல்லை என்பதால் பில்லில் டேட்டாத் தொகையை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

இவை அனைத்தையும் தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டும் மசியவில்லை என்றால் சி.சி.டி.எஸ். என்ற தொலைத்தொடர்பு முறைப்பாட்டு ஆணையத்துக்கு இணையத்தில் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. முறைப்பாடு போனதும் நிறுவனம் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அந்த 30 நாளுக்குள்ளேயே, கடையில் இல்லாத அதிகாரம் படைத்த ஒருவர் உங்களை அழைத்துத் தீர்த்துவைப்பார். ஒப்பந்தமோ பில்லோ தெளிவில்லாமல் இருந்தால் அதை வாடிக்கையாளருக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று விதிக்கோவையே சொல்கிறது. முறைப்பாட்டில் அந்த வரியைச் சேருங்கள். பிரச்சினை தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதால் ரோமிங் விடயத்தை ஆகஸ்ட்டுக்கு முன் முடித்துவிடுங்கள். இதற்கிடையில் நீங்கள் மறுக்காத தொகையை மட்டும் ஒழுங்காகக் கட்டி வாருங்கள்.

உங்களுடைய, கணவருடைய இலக்கங்களை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போவதானால், முதலில் அழைத்து நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய இலக்கத்தை மாற்ற முடியாமல் போகும். புதிய நிறுவனத்திடம் பழைய கணக்கு எண்ணைக் கொடுங்கள். பழைய நிறுவனத்திலிருந்து உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி வரும். பதில் அனுப்பினால் இலக்கம் மாறும், பழைய சேவையும் அதோடு முடியும். பெறாமகனுடைய விடயம் முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள். குடும்பத் திட்டத்தில் இரண்டு இலக்கங்கள் போய்விட்டால், தனித்து நிற்கும் மூன்றாவதன் தள்ளுபடி போய் விலை ஏறக்கூடும்.

கடைசிப் பில் பெரும்பாலும் பழைய முகவரிக்கோ, நீங்கள் இனித் திறந்து பார்க்காத இணையக் கணக்குக்கோ போகும். அதைக் கேட்டு வாங்கிக் கட்டி, பூச்சிய நிலுவை என்று எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே வங்கியில் தானாகக் கழிவதை நிறுத்துங்கள்.