பெட்டியில் போட்ட லிட்டரை நம்பி ஸ்கிம்மர் வாங்கலாமா?

கேள்வி: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கீழே சம்ப் (கருவிகள் நிற்கும் துணைத் தொட்டி) உண்டு. கோமாளி மீன் இரண்டு, கோபி மீன் ஒன்று, கொஞ்சம் மென்பவளம். கடையில் 1,000 லிட்டர் தொட்டிக்கான புரோட்டீன் ஸ்கிம்மரை (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) எடுக்கச் சொல்கிறார்கள். பெரிதாக எடுத்தால் நல்லதுதானே?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம். உங்கள் தொட்டி 190 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். பாறைக்கும் மணலுக்கும் போனதைக் கழித்து, சம்ப் தண்ணீரைக் கூட்டினாலும் 200 லிட்டரை ஒட்டித்தான் வரும். மீனோ மூன்றே மூன்று.

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் கரையும் புரதங்கள் நுண்குமிழிகளின் மேல் ஒட்டிக்கொண்டு ஏறுகின்றன. புரதம் போதுமான அளவு இருந்தால்தான் நுரை உடையாமல் ஸ்கிம்மரின் கழுத்தைத் தாண்டி மேலுள்ள கோப்பையில் விழும். அகலக் கழுத்துள்ள பெரிய ஸ்கிம்மருக்கு மூன்று மீனின் கழிவு காணாது. நுரை பாதிக் கழுத்திலேயே உடைந்து இறங்கும், கோப்பை நாள்கணக்கில் காய்ந்து கிடக்கும்.

பெட்டியில் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும்: மீன் குறைவாக இருந்தால் இத்தனை லிட்டர், நிறைய இருந்தால் இத்தனை. கடைக்காரர் சொல்வது பெரிய எண். நீங்கள் சின்ன எண்ணைப் பாருங்கள். அது 200 முதல் 250 லிட்டருக்குள் இருந்தால் உங்களுக்குச் சரி. இன்னும் இரண்டு மூன்று சிறு மீன் விட்டாலும் தாங்கும்.

அதைவிட முக்கியம் சம்பின் நீர்மட்டம். பல ஸ்கிம்மர்கள் 18 முதல் 22 சென்டிமீட்டர் ஆழம் கேட்கும். வாங்கும் முன் சம்பில் ஸ்கிம்மர் நிற்கப்போகும் தடுப்புக்குள் ஸ்கேலை விட்டு அளந்துகொள்ளுங்கள். ஆழம் கூடினால் கோப்பையில் வெறும் தண்ணீர்தான் நிறையும். அடியில் அக்ரிலிக் மேடை கொடுத்து உயர்த்தலாம். குறைந்தால் நுரை ஏறாது. ஸ்டாண்டுக்குள் கோப்பையைத் தூக்கி எடுக்க மேலே ஒரு சாண் இடமும் வேண்டும். நீடில் வீல் பம்பாக (ஊசி முனைகள் சுழன்று குமிழியை நுணுக்குவது) பார்த்து எடுங்கள். அதன் ரோட்டார் (சுழலும் பாகம்) தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்; சின்ன உதிரிபாகம் கிடைக்காமல் முழு ஸ்கிம்மரும் மூலைக்குப் போவது அடிக்கடி நடக்கிறது.

புது ஸ்கிம்மரை வினிகர் கலந்த தண்ணீரில் ஓடவிட்டு, அலசி மாட்டுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் நுரை தாறுமாறாகத்தான் வரும். அதற்காக நுரை மட்டத்தை மாற்றும் வால்வைத் தினமும் திருகக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் எடுத்த கல்பவளம் என்று யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் ஸ்கிம்மர் பொங்கித் தரையெல்லாம் தண்ணீராகிறது. மற்ற நாளில் சாயங்காலம் தீனி போட்டதும் நுரையே வருவதில்லை. பம்பு கெட்டுவிட்டதா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பம்பில் கோளாறு இல்லை. சம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பு நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் சம்பில் இறங்கி மட்டம் உயர்கிறது. கரண்ட் வந்ததும் அந்த உயர்ந்த மட்டத்திலேயே ஸ்கிம்மர் ஓடத் தொடங்குவதால் பொங்குகிறது. ரிட்டர்ன் பம்பை இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள், மட்டம் மாறாது. வெயில் காலத்தில் இது மீனின் உயிருக்கும் காவல். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், ஓட்டமும் நின்றால் மூச்சு முட்டும். இன்வெர்ட்டர் இல்லையென்றால், ஸ்கிம்மர் மட்டும் பத்து நிமிடம் தாமதித்து ஓடும்படி எலக்ட்ரீசியனிடம் டைமர் ரிலே மாட்டச் சொல்லுங்கள்.

தீனிக்குப் பின் நுரை அடங்குவது எண்ணெயால். உறைந்த தீனியிலுள்ள கொழுப்பு நுரையை உடைக்கும். சில மணி நேரத்தில் தானே சரியாகும். தீனியை வடிகட்டியில் அலசிப் போடுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டாலும் இதே கதைதான்.

ஆனி, ஆடிக் காற்றில் தண்ணீர் வேகமாக வற்றி மட்டம் இறங்கும், நுரையும் இறங்கும். மிதவை வால்வு வைத்து உப்புச் சேர்க்காத ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்டுங்கள். வாரம் ஒருமுறை கழுத்தின் உள்பக்கப் பிசுக்கைத் துடையுங்கள், காற்றுக் குழாயில் உப்பு அடைத்திருந்தால் வெந்நீர் விட்டுக் கரையுங்கள்.

கேள்வி: தாமிரபரணித் தண்ணீரில் வளர்க்கும் தங்கமீன் தொட்டிக்கு ஸ்கிம்மரை மாட்டலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: பயன்படாது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், நுரை நிற்காது. அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு வாங்கி, வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.