குதிரைப் படம் போட்ட பின்போல் பெட்டி எங்கே செய்தது?

கேள்வி: அம்மப்பாவின் வீட்டில் மரக்கால் வைத்த பெரிய பின்போல் பெட்டி ஒன்று கிடக்கிறது; காசு போட்டு, சாய்ந்த பலகையில் குண்டை உருட்டிவிட்டு ஆடும் பெட்டி. பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் தலைக் கண்ணாடியில் ஓடும் குதிரைகளும் 1 முதல் 7 வரை இலக்கங்களும். ஆடுவதற்கு ஒரே ஒரு குண்டு. குண்டைத் திருப்பி அடிக்கும் ஃபிளிப்பர்கள் இல்லை. கொழும்பு யாவாரி ஒருவர், "1920களில் இங்கிலாந்தில் செய்தது, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலுக்கு வந்த சாமான்" என்கிறார். கண்ணாடியை மட்டும் முதலில் கொண்டுபோய் விசாரித்து வருகிறாராம். கொடுக்கலாமா? (வாசகர், கல்லடி)

பதில்: கொடுக்க வேண்டாம். இந்தப் பெட்டிகளில் முதலில் விலைபோவது தலைக் கண்ணாடிதான். சுவரில் மாட்டுவதற்கென்றே அதை மட்டும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி போய்விட்டால் மிச்சத்தை இரும்புக் கடைக்காரன் நிறுத்துத்தான் எடுப்பான். "விசாரித்து வருகிறேன்" என்று கொண்டுபோன கண்ணாடி வழியில் உடைந்துவிட்டது என்று சொல்வது இந்த யாவாரத்தில் எல்லோரும் அறிந்த தந்திரம். விசாரிப்பதற்குப் படம் போதும். அதற்கு மேல் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

1920 என்பதும் பொய். காசு போட்டு ஆடும் பின்போல் பெரிய அளவில் பரவியதே 1931இல், சிக்காகோவின் கொட்லீப் கொம்பனி 'பாஃபிள் போல்' பெட்டியை விற்கத் தொடங்கிய பிறகு. அடுத்த ஆண்டு 'பாலிஹூ' என்ற பெட்டியோடு பாலி கொம்பனி வந்தது. அவை மேசையில் வைத்து ஆடும் சின்னப் பெட்டிகள், கரண்ட் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் பல்ப் எரியும் தலைப்பெட்டி 1930களின் நடுவில்தான் வருகிறது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அமெரிக்காவின் 'ஒன்-போல்' பெட்டிகளுக்குப் பொருந்துகின்றன. காசு போட்டால் 1 முதல் 7 வரையான குதிரைகளில் ஒன்றோ பலவோ கண்ணாடியில் எரியும். ஒரே குண்டை விட வேண்டும். அது எரியும் இலக்கத்தின் குழியில் விழுந்தால் வெற்றி. பலகையில் குழி வரிசைகளுக்குப் பக்கத்தில் 'வின்', 'பிளேஸ்', 'ஷோ', 'பேர்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இவை குதிரைப் பந்தயச் சொற்கள். மூன்றாம் இடத்துக்கு 'ஷோ' என்பது அமெரிக்கப் பந்தய வழக்கம். இங்கிலாந்துப் பந்தயச் சீட்டில் அப்படி வராது. இந்த வகையில் பெயர் பெற்றது பாலி. 1940களின் பிற்பகுதியில் வந்த 'சைட்டேஷன்', 'சாம்பியன்', 1950இன் 'டர்ஃப் கிங்' எல்லாம் அந்தக் கொம்பனியின் பெட்டிகள்.

அடுத்த யாவாரி வந்து, "ஃபிளிப்பர் இல்லை, ஆகவே 1947க்கு முந்தியது" என்று சொல்லக்கூடும். ஃபிளிப்பர் முதலில் வந்தது 1947இல், கொட்லீப்பின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில் என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு ஐந்து குண்டு விட்டுப் புள்ளி சேர்க்கும் சாதாரணப் பெட்டிகளுக்கு மட்டும். ஒன்-போல் என்பது சூதாட்டப் பெட்டி. குண்டு குழியில் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது, திருப்பி அடிக்க அங்கே எதுவும் இல்லை. அதனால் 1948, 1949, 1950இல் செய்த ஒன்-போல் பெட்டிகளிலும் ஃபிளிப்பர் கிடையாது. சூதாட்டக் கருவிகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவதை 1951 ஜனவரியில் வந்த அமெரிக்க ஜோன்சன் சட்டம் தடுத்ததோடு ஒன்-போல் ஒடுங்கியது. அதன் இடத்தைப் பிடித்த பிங்கோ பெட்டிகளிலும் ஃபிளிப்பர் இல்லை. ஆனால் அவற்றில் ஐந்து குண்டும் 1 முதல் 25 வரை இலக்கமிட்ட குழிகளும் இருக்கும். ஆகவே குழி இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஃபிளிப்பர் இல்லாததை மட்டும் வைத்து ஒரு வருடமும் சொல்ல முடியாது.

இனி சான்று தேடுங்கள். குண்டை விடும் பக்கத்தில் பலகையின் கீழோரத்தில் ஆட்ட விதி அட்டையும், உள்ளே மடித்த வயரிங் படமும் இருக்கலாம். அவற்றில் கொம்பனி விலாசத்தைப் பாருங்கள். 'சிக்காகோ 18, இலினோய்' என்பதுபோல ஊர்ப் பெயருக்குப் பின் ஓர் இரண்டு இலக்க எண் வந்தால், அது 1943 முதல் 1963 வரை அமெரிக்கத் தபாலில் இருந்த வலய எண். ஐந்து இலக்கம் வந்தால் 1963க்குப் பிந்தியது. பாலியின் விலாசம் பெல்மொன்ட் அவெனியூ, 2640.

தொடர் இலக்கம் பெரும்பாலும் மரத்திலேயே குத்தியிருக்கும்: பெட்டியின் முன்பலகை உட்புறம், தலைப்பெட்டி, விளையாட்டுப் பலகையின் ஓரம். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே இலக்கமென்றால் பெட்டி முழுதாக இருக்கிறது. வேறு வேறாக வந்தால் இரண்டு பெட்டிகளை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அடிப்பலகையைக் கறையான் தின்றிருந்தால் சுரண்டாமல் முதலில் படம் எடுங்கள். இலக்கம் அந்தத் தூளோடு போய்விடும்.

ஆணியும் பேசும். கொம்பியூட்டர் திருத்தும் கடையில் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் பூட்டும் ஸ்குரூ ஒன்று கேளுங்கள். அது அமெரிக்க 6-32 அளவு. உள்ளே இருக்கும் அதே பருமனான நட்டில் கையாலேயே சுகமாக ஏறினால் அமெரிக்கச் சாமான். பழைய இங்கிலாந்து நட் என்றால் ஓரிரு சுற்றிலேயே இறுகிவிடும்; பலவந்தம் பண்ண வேண்டாம். ட்ரான்ஸ்போமர் சீட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்றிருந்தாலும் அதே முடிவுதான்.

காசுத் துவாரத்தை மில்லிமீற்றரில் அளந்து குறித்து வையுங்கள். அமெரிக்க ஐந்து சதம் 21.2, 1971க்கு முந்திய இங்கிலாந்துப் பென்னி 30.8. ஆனால் காசுக்கதவை எந்த ஊரிலும் மாற்றலாம். பெட்டி எங்கே ஓடியது என்பதைத்தான் அது சொல்லும், எங்கே செய்தது என்பதை அல்ல. புதுப் பளபள ஸ்குரூவால் பூட்டிய 'மேட் இன் இங்லண்ட்' தகட்டைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். நமது 230 வோல்ட்டில் நேரே சொருகினால் காந்தச் சுருள்கள் கருகும், அவற்றில் ஒட்டிய இலக்கச் சீட்டுகளும் போகும். சுனாமித் தண்ணீர் ஏறிய வீடென்றால் ரிலேக்களுக்குள் (காந்தத்தால் இயங்கும் சின்ன சுவிட்சுகள்) இன்னும் உப்பு இருக்கும். 115 வோல்ட் கொடுத்தாலும் ஆபத்து.

பிறகு விளையாட்டுப் பலகையை நேர் மேலிருந்து படம் எடுத்து, 'இன்டர்நெட் பின்போல் டேட்டாபேஸ்' தளத்திலுள்ள படங்களோடு குழிகளின் இடத்தை ஒப்பிடுங்கள். கண்ணாடியை மாற்றலாம், துளைத்த குழியை மாற்ற முடியாது. பார்ப்பதற்குக் காசு வேண்டாம். 'அத்தாட்சிக் கடிதம்' எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். இப்படி ஒரு பெட்டியைப் பற்றிக் கேட்டால் ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் காட்டும், அங்கே விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த கிழமை வரச் சொல்வார்கள். நாட்டுக்குள் வந்த பழைய இயந்திரங்களை அடையாளம் காணத் தெரிந்த ஒருவரைக்கூட எந்த மேசையிலும் இருத்தவில்லை. முத்திரை குத்திய கடிதத்தைவிட மரத்தில் குத்திய இலக்கம் பெறுமதி.

விற்பதென்று முடிவெடுத்தால் பெட்டி, தலை, கண்ணாடி, குண்டு, சாவி, உள்ளே கிடக்கும் காகிதம் எல்லாவற்றையும் ஒன்றாக, ஒரே ரசீதில் விற்கவும். அதுவரை கண்ணாடியின் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நிறம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, கடற்காற்றில் ஏற்கெனவே உரியத் தொடங்கியிருக்கும். நிமிர்த்தி வையுங்கள், நிறமுள்ள பக்கத்தில் எதுவும் படக்கூடாது.