ஆசிரியை பதில்கள்: அழிக்கச் சொன்ன செருப்புகள்

கேள்வி: தொடக்கநிலை 2ல் படிக்கும் என் மகன், வீடு வரையச் சொன்னால் புகைபோக்கி வைத்த ஓட்டு வீடும் பின்னால் பனிமலையும் வரைகிறான். நாங்கள் இருப்பதோ 11வது மாடியில். பெற்றோர் கூட்டம் ஒன்றில், ஓவிய வகுப்பில் விளையாட்டு வழியாகக் காலனியத் தாக்கத்தை, அதாவது ஆங்கிலேயர் ஆட்சி விட்டுச்சென்ற பழக்கங்களை, நீக்கவேண்டும் என்று பேசினார்கள். கோலம் போடக் கற்றுக்கொடுத்தால் போதுமா, டீச்சர்?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: போதாது, தங்கச்சி. கோலப் புத்தகத்தை விரித்து வைத்து, ‘இதைப் பார்த்து அப்படியே போடு’ என்றால் பனிமலை போய்க் கோலம் வந்திருக்கும், அவ்வளவுதான். பிள்ளையின் கை பழைய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

இங்கே சிங்கப்பூரில் இருந்த அரசாங்க ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஓவிய ஆசிரியராக ரிச்சர்ட் வாக்கர் 1923ல் இங்கிலாந்திலிருந்து வந்தார். எது நல்ல படம் என்பதற்கு அளவுகோலும் அங்கிருந்தே வந்த காலம் அது. ஆட்சி போன பிறகும் பழக்கம் போகவில்லை. நானே பலகையில் ஒரு வீடு வரைந்து, 40 பிள்ளைகளையும் அதேபோல வரையச் சொல்லியிருக்கிறேன். ஒரு சிறுமி தன் வீட்டு வாசலில் ஏழு ஜோடிச் செருப்புகளை வரிசையாக வரைந்திருந்தாள். ‘பலகையில் இல்லையே’ என்று சொல்லி அழிக்க வைத்தேன். அந்தச் செருப்புகள் இன்றும் என் மனத்தை உறுத்துகின்றன.

அதற்காக மேற்கத்திய ஓவியமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பாரிசில் படித்த ஓவியர் ஜார்ஜெட் சென், இங்கே வந்து ரம்புத்தானையும் மங்குஸ்தானையும் மேசைமேல் வைத்து வரைந்தார். கற்ற முறை வெளியூருடையது, எதை வரைவது என்ற முடிவு அவருடையது. உங்கள் மகனுக்குக் கிடைக்கவேண்டியதும் அந்த முடிவெடுக்கும் உரிமைதான். விளையாட்டில் அது தானாகவே வந்துவிடுகிறது.

வீட்டு வாசலில் சாக்பீஸால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளி வையுங்கள். ஒரு வளைவு நீங்கள், அடுத்த வளைவு அவன். கோடு புள்ளியைத் தொடக்கூடாது, எந்தப் புள்ளியும் விடுபடக்கூடாது, கடைசியில் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரவேண்டும். எங்கே வளைப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். முட்டிக்கொண்டால் அவனே துடைத்துவிட்டு வேறு வழி பார்ப்பான்.

அப்புறம், அஞ்சாங்கல். கல்லுக்குப் பதிலாக ஐந்து சின்னத் துணிப்பைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஆட்டம். பைகளைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே தையுங்கள். பழைய புடவையோ அவனுடைய கிழிந்த சட்டையோ, துணியை அவனே தேர்ந்தெடுக்கட்டும். சின்னச் சதுரப் பையாக மூன்று பக்கம் தைத்து, பச்சைப்பயறு போட்டு, நாலாவது பக்கத்தை எதிர்ப்பக்கத் தையலுக்குக் குறுக்காக வரும்படி திருப்பி மூடித் தையுங்கள். தட்டையாக இருந்த பை சட்டென்று முக்கோண முனைகளோடு எழுந்து நிற்கும். பயறு அதிகமானால் உருளும், குறைந்தால் தொய்ந்துபோகும். எவ்வளவு வேண்டும் என்பதை அவன் கையே கண்டுபிடிக்கும். எந்தப் பாடத்தாளிலும் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

பனிமலை வரைந்ததற்காக அவனைக் கண்டிக்காதீர்கள், ஆசிரியரிடம் சண்டைக்கும் போகவேண்டாம். ஐந்தும் தைத்து முடித்ததும் அவன் பள்ளிப் பையில் போட்டு அனுப்புங்கள். ஓய்வு நேரத்தில் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டிகளும் இதை ஆடியவர்கள்தானே.