வாடகை 8,000, அட்வான்ஸ் 80,000: எங்கே போவது?

கேள்வி: அயனாவரத்தில் ஒரு சின்ன போர்ஷனில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். வாடகை 5,500. இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார் ஹவுஸ் ஓனர். என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போகிறேன். இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் 22,000. பக்கத்தில் எங்கே கேட்டாலும் வாடகை 8,000, அட்வான்ஸ் 80,000. திருநின்றவூரில் 5,000-க்கு ஒரு வீடு இருக்கிறது. புரோக்கர் ஒருவர், "5 லட்சத்துக்கு லீஸ் எடுத்துவிடுங்கள், வாடகையே கிடையாது" என்கிறார். பாதிக்கு நகையை விற்று, பாதிக்குக் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டரை லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 5,000 வட்டி. கிட்டத்தட்ட இப்போது கொடுக்கும் வாடகை. நகையும் போய்விடும். இதில் வாடகை இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

லீஸில் அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வீடு ஏற்கெனவே பேங்கில் அடமானத்தில் இருப்பது. ஓனர் தவணை கட்டாவிட்டால் ஒருநாள் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். உங்கள் 5 லட்சத்தைப் பற்றி பேங்குக்குக் கவலையில்லை. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் பதிவான அடமானம் தெரியும். ஃபைனான்ஸ்காரரிடம் பத்திரத்தைச் சும்மா கொடுத்து வாங்கிய கடன் அதில் வராது. அதனால் மூலப்பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்ல வேண்டும். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால், அசல் வேறு யாரிடமோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு ஓனர் முகம் சுளித்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, 8,000 ரூபாய் வீடு. அது 8,000-இல் நிற்காது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒரு மின் இணைப்புக்கு. ஒரே இணைப்பை நாலு போர்ஷனுக்குப் பிரித்து சப்-மீட்டர் வைத்த வீட்டில் அந்தச் சலுகை ஓனரோடு நின்றுவிடும். உங்களிடம் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினால், மாதம் 120 யூனிட்டுக்கு 1,080. தண்ணீருக்கு ஒரு 300. ஆக 9,380. சம்பாத்தியத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடுகிறது.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். போர்ஷனில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மாடிப்படி அடியில் இருக்கும் சப்-மீட்டரைப் பாருங்கள். அப்போதும் சிவப்பு விளக்கு மினுக்கினால், யாருடைய லைனோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. நான் பெரம்பூரில் குடியிருந்தபோது எட்டு மாதம் மொத்த வீட்டு மோட்டாருக்கும் நான்தான் காசு கட்டியிருக்கிறேன்.

திருநின்றவூர் உங்களுக்கு ஒத்துவரும். அங்கிருந்து ஒரே ரயிலில் பட்டரவாக்கத்தில் இறங்கினால் எஸ்டேட்; சீசன் டிக்கெட்டும் கையைக் கடிக்காது. சிக்கல் உங்கள் வீட்டுக்காரருக்குத்தான். ராத்திரி ஆட்டோவை முதலாளி வீட்டில் விட்டுவிட்டு வருபவர் என்றால், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் அல்லது சவாரியைக் குறைக்க வேண்டும். அந்த நஷ்டத்தையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதே தடத்தில் கொஞ்சம் முன்னால், பட்டாபிராம், அண்ணனூர், திருமுல்லைவாயல் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே தேடுவேன். கதவில் சாக்பீஸால் 'டூ லெட்' எழுதியிருக்கும் வீடுகளுக்குப் புரோக்கர் கிடையாது. அவருக்குப் போகும் ஒரு மாத வாடகை மிச்சம். பிடித்த வீட்டுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஒருமுறை நடந்து பாருங்கள். மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை எதிர்ப் பெட்டிக்கடையில் கேளுங்கள். ஓனர் சொல்ல மாட்டார்.

அட்வான்ஸ் விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் 'வேறு உடன்பாடு இல்லாதபோது' என்று ஒரு வாசலைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. பத்து மாத வழக்கம் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆகவே சட்டத்தைக் காட்டிச் சண்டை போடாமல், பேரம் பேசப் பயன்படுத்துங்கள்: மூன்று மாதம் இப்போது, மீதி ஆறு மாதத்தில் தவணையாக.

உண்மையான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. பழைய அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே புது அட்வான்ஸ் கட்ட வேண்டும். அந்தப் பத்து நாள் இடைவெளியில்தான் பல குடும்பங்கள் கந்துவட்டிக்குப் போகின்றன. உங்கள் ஓனர் இடிக்கப் போகிறவர்; நீங்கள் சீக்கிரம் கிளம்புவது அவருக்கு லாபம். இன்ன தேதிக்குள் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, பாதி அட்வான்ஸை இப்போதே கேளுங்கள். சாவி கொடுக்கும்போது மீதி.

கேள்வி: வீடு காலி செய்து ஐந்து வாரம் ஆகிறது. 60,000 அட்வான்ஸில் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம், மீதி புது ஆள் வந்த பிறகுதான் என்கிறார் ஓனர். 11 மாத ஒப்பந்தம் இருக்கிறது.
– கொளத்தூர் வாசகர்

பதில்: அதே சட்டம் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. புது ஆள் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தமில்லை. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் ஓனர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச் மாற்றுவது போன்றவை உங்கள் பக்கம். ஒப்பந்தத்தில் 'ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு' என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால் அந்தத் தொகையை மீட்பது கஷ்டம். மீதிக்கு வங்கிக் கணக்கில் அட்வான்ஸ் போட்ட பதிவோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் துணை கலெக்டர் நிலையில் இருக்கும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தத்தை அங்கே பதிவு செய்திருந்தால் உங்கள் கை ஓங்கும். இனி எடுக்கும் வீட்டுக்கு இதை முதலிலேயே செய்துவிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டிக் காலி செய்யச் சொல்லவும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கேள்வி: பெரும்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு வீடு ஒன்றை 3 லட்சத்துக்கு 'பவர்' எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வேளச்சேரி வாசகி

பதில்: நீங்கள் சொல்வது, முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்து 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியதன் வீடாக இருக்க வேண்டும். ஒதுக்கீடு வேறொருவர் பெயரில் இருக்கும்வரை, 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய பவர் உங்களை ஓனர் ஆக்காது. வாரியம் கணக்கெடுக்க வந்தால் வெளியேற வேண்டியவர் நீங்கள். எழுதிக் கொடுத்தவர் போனை எடுக்க மாட்டார். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் சொந்த வீடு இல்லையென்றால் ஆதாரோடு வாரிய அலுவலகத்துக்கு நேரில் போய் விண்ணப்பியுங்கள். பயனாளி பங்குத் தொகை வாரியத்தின் பெயருக்குத்தான் கட்ட வேண்டும். "எனக்கு ஜிபே பண்ணுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பவர் வாரியத்து ஆள் இல்லை.